பதினாறாம் நாளுக்கு அப்புறம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்கள் பலரும் "வீட்டில் சண்டை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை, அண்ணனும் தம்பியும் ஒருத்தர் வீட்டு வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் நடுவில் ஒரு சாவு வரும். "அப்பா போனதுக்கு அப்புறம்தான் இப்படி" என்று மெதுவாகச் சொல்வார்கள்.

சாவு வீட்டை நம் ஊர் நன்றாகவே தாங்கிக்கொள்கிறது. அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் யாராவது கூடவே இருக்கிறார்கள். மறுநாள் வாடகை நாற்காலியும் பாத்திரமும் போய்விடும், சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். மூன்று பேர் வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கொள்ளிச் சட்டியைத் தூக்கிய பையனுக்குப் பதினேழு வயது. சுடுகாட்டிலேயே நாலு பெரியவர்கள் தோளைத் தட்டி, "அழாதே, இனி நீதான் அம்மாவைப் பாத்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் அழவில்லை.

வீட்டில் அப்பாவின் டி.வி.எஸ். 50 நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் அதைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிடுவான். அம்மா அதை விற்றுவிடலாம் என்று சொன்னார். அவர் ஏற்கெனவே வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, பேங்க் வேலையை முடித்து, ஒரு தையல் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். "அம்மாவுக்கு அப்பாவை மறந்தாச்சு" என்றான் பையன். "அவன் அழவே இல்லை, எப்பப் பாத்தாலும் அந்த வண்டியோடயே கிடக்கிறான்" என்றார் அம்மா.

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் ஊசலாடும் என்றார்கள். ஒரு நேரம் இழப்பின் பக்கம்: நினைப்பு, அழுகை, பழைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பது. இன்னொரு நேரம் வாழ்க்கையை ஓட்டும் பக்கம்: வேலை, கணக்கு, புதுப் பொறுப்பு. இரண்டுமே துக்கத்தின் வேலைதான், இரண்டுமே தேவை. எனக்கு இதில் பிடித்தது, ஒரே வீட்டில் ஒரே நாளில் ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் இருக்கலாம் என்பது இதனால் புரிகிறது. அம்மாவுக்கு அன்பு குறைந்துவிடவில்லை. பையனுக்குக் கல் மனசும் இல்லை.

"நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் மேடம்?" என்று சிலர் கேட்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதிய ஐந்து கட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. அவர் அவற்றைச் சொன்னது தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. அவர்கள் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் ஐந்து படியையும் வரிசையாக ஏறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன். ஆறு மாதமாக அங்கே யாரும் 'அப்பா' என்ற சொல்லையே எடுக்கவில்லை. மகன் உடைந்துவிடுவான் என்று அம்மா எடுக்கவில்லை, அம்மா அழுதுவிடுவார் என்று மகன் எடுக்கவில்லை. வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று நான் கேட்கவில்லை. அந்த வண்டியைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ராத்திரி தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லைப் போடுவேன். அவர் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள முதல் தோசை தட்டுல இருக்கும். இப்ப ஞாயித்துக்கிழமை இவன் ஸ்டார்ட் பண்றப்பல்லாம் கை தானா அடுப்புக்குப் போகுது."

பையனுக்கு இது தெரியாது. அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாக அழுதான். வண்டியை அவர்கள் விற்கவில்லை. அவன் இப்போது அதைத் தெருத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்கிறான்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். என் அம்மா இறந்தபோது இதே தொழிலில்தான் இருந்தேன். அப்பா சாப்பிட உட்கார்ந்தாலே அம்மா பேச்சை எடுப்பார். சாப்பிடும்போது மனசு கஷ்டப்படவேண்டாமே என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு நாள் அவர் என் தம்பி மகளிடம், "உங்க அத்தைக்குப் பாட்டியைப் பத்திப் பேசினா பிடிக்காது" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்று ராத்திரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா வத்தக்குழம்புக்கு என்னதான் போடுவாங்க என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். குழம்பைப் பற்றிப் பத்து நிமிஷம்கூட இருக்காது.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "தாத்தா தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். அப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார், நாங்கள் உன்கூட இருக்கிறோம் என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும். பத்துத் தடவையும் பதில் சொல்லுங்கள்.

சிலருக்குத் துக்கம் அசையாமல் நின்றுவிடும். மாதக்கணக்காக ஏக்கம் துளிகூடக் குறையாமல், அன்றாட வேலை எதுவும் ஓடாமல் இருந்தால் உதவி தேடவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்கு ஆறு மாதம் என்று அளவு வைத்திருக்கிறது. நம் சடங்கு, பழக்கவழக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் முதல் வருஷத் திதியன்று அழுதால் அது நோய் இல்லை. ஆனால் "நானும் அவரோட போயிட்டா நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால் ஆறு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பையில் பேனா இருந்தால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்பேன். மேடையில் கேட்கத் தயக்கமாக இருந்தால், அந்தக் கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். அங்கே வாருங்கள். போனவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாலும் சரிதான்.