டிசம்பர் 24ஆம் தேதி கை காலியாக இருக்க வேண்டும்

எல்லாரும் சௌக்கியமா? ரங்கூன், தாமுவேயிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. பேட்டரி விளக்கு வெளிச்சத்தில்தான் எடுக்கிறேன், முகம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நவம்பர் 23, கிறிஸ்து அரசர் பெருவிழா. கோயில் விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இந்தப் பாட்டிலை நிரப்பினேன். கிட்டத்தில் காட்டுகிறேன். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, முந்திரி, சர்க்கரைப் பாகில் போட்டெடுத்த ஆரஞ்சுத் தோல், எல்லாம் ரம்மில் மூழ்கிக் கிடக்கின்றன. இன்னும் நாலே நாளில் திராட்சை ஊதி வரும், அப்போது ரம் கீழே இறங்கிவிடும், பழம் மேலே தலை நீட்டும். மறுபடி மூழ்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். ரம் வேண்டாம் என்கிற வீட்டார் ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைக்கலாம். ஆனால் அதைக் கேக் போடுவதற்கு முந்தின ராத்திரி செய்தால் போதும். வெறும் சாறு வாரக்கணக்கில் தாங்காது, புளித்துவிடும்.

இந்த ஞாயிறை விடக்கூடாது என்று பாட்டி சொல்வார். பாட்டிக்குக் கேக் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலோ பர்மியப் பக்கத்து வீட்டம்மா, ஆங்கிலிகன் சபைக்காரர். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறை அவர்கள் 'ஸ்டர் அப் ஞாயிறு', அதாவது 'கிளறு' ஞாயிறு, என்பார்களாம். அன்றைக்குச் சொல்லும் செபம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். கிறிஸ்துமஸ் புட்டிங் கிண்டுகிற நாளும் அதுதான். நாங்கள் கத்தோலிக்கர் என்றாலும் பாட்டி அந்த நாளை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார்.

சரி, ஏன் இவ்வளவு முன்னாலேயே தொடங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலம் வரை எனக்கு வேலை தீரவில்லை. புடவை இஸ்திரி போடவில்லை, முறுக்கு மாவு அரைக்கவில்லை. ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அடுப்பங்கரையில் நான் பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாட்டி தன் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த குழந்தை இயேசு சுரூபத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மெழுகுவர்த்தியோடு தனியாகப் போய்க் குடிலில் வைத்துவிட்டார். எப்போதும் நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பாடுவோம், அவர் வைப்பார். நான் போய்ப் பார்க்கும்போது அவர் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவாகத் தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த வருடம் வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: கரண்ட் வேண்டியது, கரண்ட் வேண்டாதது. இஸ்திரி, மாவு அரைப்பது, தையல் மெஷின், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது எல்லாம் கரண்ட் வருகிற நேரத்துக்கு. அந்த நேரத்தில் உட்கார்ந்து அலமாரி அடுக்கக்கூடாது. அலமாரி, பாத்திரம் தேய்ப்பது, ஸ்டார் ஒட்டுவது இதெல்லாம் பகல் வெளிச்சத்தில் முடிகிற வேலை. எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். கரண்ட் வந்தால் யார் வீட்டில் இருந்தாலும் கரண்ட் பட்டியலின் முதல் வரியில் இருப்பதைச் செய்துவிட வேண்டும்.

அலமாரியை நேற்றே முடித்தேன். பிள்ளைகளுக்குச் சின்னதாகிவிட்ட சட்டை, நான் கட்டாத தமேன், அதாவது பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற துணி, எல்லாம் ஒரு மூட்டை சேர்ந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீடு போன உறவுக்காரர்கள் மண்டலேயில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகிறது. கிழிந்ததை அனுப்பவில்லை. பட்டன் தைத்து, துவைத்து, மடித்துத்தான் வைத்தேன்.

கேக் சுட என்னிடம் ஓவன் கிடையாது, இருந்தால்கூடக் கரண்டை நம்ப முடியாது. ஸனுவின் மக்கின் சுடுகிற பழைய பர்மிய முறைதான் எனக்குக் கை கொடுக்கிறது. அது தேங்காய்ப்பால் விட்டு, மேலே கசகசா தூவிச் செய்கிற ரவைக் கேக். கனமான அலுமினியக் குண்டானில் ஒரு விரல் மணல் பரப்புங்கள், நடுவில் ஒரு வளையம், அதன்மேல் கேக் டின். கீழே கரி அடுப்பு. குண்டானைத் தட்டையான மூடியால் மூடி, மூடிமேல் தணலைப் பரப்ப வேண்டும். கீழே கொஞ்சம், மேலே அதிகம், இதுதான் கணக்கு. கீழே கூடிப்போனால் அடி கறுக்கும், நடு வேகாது. பழம் நிறைந்த கேக் என்றால் என் அடுப்பில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டக்கூடாது. டிசம்பர் 13 சனிக்கிழமை சுடப்போகிறேன். அப்புறம் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டால் பண்டிகைக்கு நல்ல பதமாக இருக்கும்.

அதிரசத்துக்குத் தன்யெ வாங்கிவிட்டேன், மேல்பர்மாப் பனைவெல்லம். பாகு மாவை 18ஆம் தேதி கிளறி வைத்தால் 22ஆம் தேதி சுடலாம், ஊற ஊறத்தான் ருசி. எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள் என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். இங்கே எல்லாம் வீசைக் கணக்கு. ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ, நம் பழைய மெட்ராஸ் வீசையைவிடக் கொஞ்சம் கூட. நான் இரண்டு வீசை வாங்கினேன். தையல்காரரிடம் துணி கொடுப்பதாக இருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், டிசம்பர் பிறந்தால் வாங்கமாட்டார்கள்.

வீட்டை மட்டும் ஒழுங்கு செய்து என்ன பயன்? இந்த வருடம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய, டிசம்பர் 14க்குள் போய்விட வேண்டும் என்றிருக்கிறேன். கடைசி வாரத்தில் வரிசை நீளும், நமக்கும் அவசரம், சாமியாருக்கும் களைப்பு. பேசாமல் இருக்கிற ஒரு நாத்தனாருக்குப் போன் செய்ய வேண்டும். அதையும் கதவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன், முதல் வரியிலேயே. அதற்குக் கரண்ட் வேண்டாம்.

நவம்பர் 30ஆம் தேதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்தக் காலத்துக்கென்று வீட்டில் வைக்கிற வளையத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி. எங்கள் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் கரண்ட் இருக்கும்போதே விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு இதை ஏற்றுவோம். இது வேறு வெளிச்சம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அன்றைக்கு நள்ளிரவில் மாடியில் இருக்கிற கரேன் இனக் குடும்பத்தார் 'ஸ்வீட் டிசம்பர்' என்று பாடி டிசம்பரை வரவேற்பார்கள். பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்து நாங்களும் போவோம்.

பாட்டியிடம் நேற்றுச் சொன்னேன், இந்த வருடம் எல்லா வேலையும் டிசம்பர் 23ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்று. கைக்குட்டையைத் துவைத்துக் கொடு என்றார். அதோ, கொடியில் காய்கிறது, நீலக் கரை போட்டது.

ஐயோ, கரண்ட் வந்துவிட்டது. அரிசி ஊறிக் காத்திருக்கிறது, நான் அரைக்கப் போகிறேன்.