கொப்புளம் விழுந்த பழைய பாய்மரப் படகை வாங்கலாமா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1970களில் கட்டப்பட்ட 26 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வார இறுதியில் இருவர் போய் ஓர் இரவு தங்கித் திரும்பினால் போதும். ஆனால் அடிப்புறத்தில் ஆங்காங்கே கொப்புளங்கள் இருக்கின்றன. வாங்கலாமா?"

கொப்புளத்துக்காக மட்டும் இந்தப் படகை விட வேண்டாம் என்பதே என் பதில். வெளிப்பூச்சின் வழியே மெல்ல ஊடுருவும் நீர், பிசினில் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருள்களோடு சேர்ந்து அங்கே அழுத்தம் கூடுவதால் அவை எழும்புகின்றன. ஒன்றைக் குத்தினால் காடி வாடை அடிக்கும் நீர் வெளிவரும் (உரிமையாளரைக் கேட்காமல் குத்திவிடாதீர்கள்). காசு அளவில் சில கொப்புளங்கள் இருப்பதால் படகு மூழ்கிவிடாது. 1959இல் வெளிவந்த, கார்ல் ஆல்பர்க் வடிவமைத்த பியர்சன் டிரைட்டன் போன்ற தொடக்ககால ஃபைபர் படகுகளின் அடிப்புறத்தைக் கெட்டியாகவே கட்டினார்கள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன.

நான் அஞ்சுவது மேல்தளத்தை நினைத்துத்தான். மேலே எடை கூடாமலிருக்க, இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துத் தளம் அமைப்பது அக்கால வழக்கம். கைப்பிடிக் கம்பியின் அடித்தகடு, கயிறு கட்டும் கொண்டி என்று எதைப் பொருத்தினாலும் தளத்தில் துளையிட வேண்டும். அந்தத் துளையின் அடைப்புப் பசை காய்ந்து வெடித்ததும் மழைநீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் மரம் ஆண்டுக்கணக்கில் ஊறி மக்கிப்போகிறது. ஆகவே திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளம் முழுவதையும் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடத்தில் ஈர மண்ணைத் தட்டியதுபோல ஓசை அமுங்கிவிடும். அப்படிப்பட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது திருகாணி ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தால் வேறு சான்று தேவையில்லை. உள்ளங்கை அகலத்தில் ஓரிரு வட்டங்கள் விழுந்தால் நீங்களே சரிசெய்யலாம். தளத்தில் பாதி வட்டமானால், மேல்தகட்டை அறுத்தெடுத்து, மக்கியதைச் சுரண்டி, உலர்த்தி, புது மரம் வைத்து மூட வேண்டும். நீங்கள் கடலுக்குப் போக நினைத்த வார இறுதிகள் அத்தனையும் கரையிலேயே கழிந்துவிடும்.

அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டைகளைப் பாருங்கள். அவை தளத்தைத் துளைத்து இறங்கி, பல படகுகளில் அறைத் தடுப்புப் பலகையில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பலகை கறுத்திருந்தாலோ பேனாக் கத்தி எளிதாக இறங்கினாலோ, பாய்மரம் எதை நம்பி நிற்கிறது என்று விற்பவரிடமே கேளுங்கள். பட்டை துருப்பிடிக்காத எஃகுதானே என்று இருந்துவிடாதீர்கள். ஈரம் தேங்கிக் காற்றுப் படாத இடத்தில் அந்த எஃகும் மறைவாக அரிக்கும். கம்பி வடங்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றுவது பொதுவான வழக்கம். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல்: உள்ளே பொருத்திய எஞ்சின் ஓடாமல் கிடந்தால், புதியது படகின் விலையையே தாண்டக்கூடும், இந்த அளவுப் படகுக்குப் பின்புறம் மாட்டும் சிறிய அவுட்போர்டு மோட்டாரே போதும். பாய்கள் நைந்திருந்தாலும் முதல் பருவத்தை ஓட்டிவிடலாம்.

தளமும் தடுப்புப் பலகையும் தேறினால், படகைக் கரையேற்றி ஓர் ஆய்வாளரிடம் காட்டுங்கள்; பாய் விரித்து ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். அவர் பெரிய குறை ஏதும் சொல்லவில்லையென்றால், அந்தக் கொப்புளங்களையே காட்டி விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.