பெட்டிக்குள் நாலு வரி தமிழ்

(லெபனானில் பணியாற்றும் மலேசிய அமைதிப்படை வீரர்களுக்கு அன்பளிப்புப் பெட்டி கட்டும் நாளன்று பினாங்கு, பிறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, அட்டைப்பெட்டிகளைத் தம் கடை லாரியிலேயே கொண்டுவந்து இறக்கிய மளிகைக்கடை முதலாளி ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற சார்ஜன் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து முறுக்கு சுடும் மகளிர் பிரிவுத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

டத்தோவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2021-இல் கொரோனா முடக்கத்தின்போது உதவி கேட்டு வீட்டுக்கு வீடு வெள்ளைக்கொடி ஏறிய நாட்களில் இதே மண்டபத்தில்தான் அரிசிப் பைகள் கட்டினோம். அன்றும் வாடகை கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். இன்றும் அப்படித்தான். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். நம் பையன்கள் அங்கே என்ன செய்கிறார்கள், பெட்டிக்குள் என்ன வைக்க வேண்டும், அவர்கள் இங்கே விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்.

முதல் செய்தி. நம் நாட்டு வீரர்கள் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி அணிந்து கடல் கடந்து போவது 1960-இல் காங்கோவில் தொடங்கியது. நாடு சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கக் கவச வண்டி ஓட்டிப் போனவர்கள் நம்மவர்கள். அந்த இரவில் மாட் அஸ்னான் அவாங் என்ற நம் வீரர் உயிர் கொடுத்தார். அதே ஆண்டில் போஸ்னியாவிலும் நம் படை நின்றது. 2007 முதல் தென் லெபனானில் நிற்கிறது. 2024 நவம்பரில் சைடா நகருக்கு அருகே வண்டித் தொடரில் போய்க்கொண்டிருந்த நம் வீரர்கள் சிலர், பக்கத்தில் நடந்த தாக்குதலில் காயமடைந்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்ட்டில் எடுத்த முடிவின்படி, அங்கே அந்த அமைதிப்படையின் பணி 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது. ஆகவே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

சரி, பெட்டிக்கு வருவோம். நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான்: தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நமக்குப் பிடித்ததை அடுக்கி அனுப்புவது பெரிதல்ல, வாங்குகிறவனுக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே மழையும் குளிரும். ஆகவே தடித்த காலுறை வையுங்கள். கோடாலித் தைலம் சின்ன புட்டியில், மூடியை ஒட்டி வையுங்கள். முறுக்கு, ஓமப்பொடி, கச்சாங் பூத்தே, வறுத்த நெத்திலி, மூன்று கலவைக் காப்பித் தூள் எல்லாம் தாங்கும். சாக்லெட் வழியிலேயே உருகிவிடும். பவர் பேங்க், லைட்டர், ஸ்பிரே டின் வேண்டவே வேண்டாம், அதற்காக மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடுவார்கள். படையில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அதனால் ஹலால் முத்திரை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சைவம் சாப்பிடும் பையனும் அங்கே இருப்பான். வாயும் வயிறும் வேறு!

கண்ணாடிப் பாட்டில் வைக்காதீர்கள் என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். அதற்குக் காரணமான கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

பாகான் டாலாமில் ஒரு பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பேரனை வளர்த்தவர். பேரன் இராணுவத்தில் சேர்ந்து லெபனான் போனான். பாட்டிக்கு ஒரே கவலை, அங்கே எலுமிச்சை ஊறுகாய் கிடைக்குமா என்று. லெபனானில் எலுமிச்சைக்குப் பஞ்சமே இல்லை பாட்டி என்று மருமகள் சொல்கிறார். பழம் இருக்கும், என் ஊறுகாய் இருக்குமா என்கிறார் பாட்டி. போட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்தார். பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள் என்று மருமகள் கெஞ்ச, ஊறுகாயைப் பிளாஸ்டிக்கில் போடுகிறவள் நானில்லை என்று விட்டார். பாட்டில் உடையாமல் இருக்க வீட்டில் கிடந்த தமிழ் நாளிதழை எல்லாம் எடுத்துச் சுற்று சுற்றென்று சுற்றினார். பாட்டில் பூசணிக்காய் அளவுக்கு ஆகிவிட்டது.

அங்கே போய்ப் பிரித்தால், பாட்டில் நொறுங்கிக் கிடக்கிறது. காலுறையில் எண்ணெய், சட்டையில் எண்ணெய், மிளகாய் நெடி அறை முழுக்க. கிளந்தான்கார நண்பன் ஓடிவந்து, எங்கே சமைக்கிறாய், எனக்கும் கொடு என்கிறான்! ஊறுகாயைக் கண்ணாடித் தூளோடு கொட்டிவிட்டார்கள். எண்ணெய் ஊறிய நாளிதழை மட்டும் பேரன் கொட்டவில்லை. கம்பியில் போட்டுக் காயவைத்தான். காய்ந்ததும் உட்கார்ந்து படித்தான். கோவில் திருவிழாச் செய்தி, வேலைக்கு ஆள் தேவை, யாரென்றே தெரியாதவருக்குக் கண்ணீர் அஞ்சலி, ஒரு வரி விடவில்லை. ஓரத்தில் பார்த்தால் பாட்டி பேனாவால் எழுதியிருக்கிறார்: "அய்யா வேளைக்கு சாப்பிடு. பனியில் நிக்காத." அவனோடு இன்னொரு தமிழ்ப் பையனும் இருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கும் படித்துக் காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டானாம். பாட்டி எழுதியதை அவன் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னானாம். திரும்பி வந்தபின் பேரனே என்னிடம் சொன்னது இது.

அந்த இரண்டாவது பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பெற்றோரையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கும் ஒரு பாட்டி இருந்திருப்பாரே, அவரும் எழுதியிருப்பாரே! இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்குப் பிறந்த மண் இது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சில, முதலாம் ஆண்டு வகுப்பை நிரப்பப் பிள்ளை தேடுகின்றன. பள்ளி வாசலிலேயே குடியிருந்துகொண்டு பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்புகிறோம். தாய்மார்களே, பிள்ளை நாளைக்குப் பட்டாளத்துக்குப் போகலாம், கப்பலுக்குப் போகலாம், சிங்கப்பூர் போகலாம். நீங்கள் எழுதுவதை அவன் படிக்க வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கையால் எழுதிய ஒரு கடிதம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வீரருக்குத் தமிழில், மலாய் வீரருக்கு மலாயில், வாயும் வயிறும் வேறல்லவா. நம் பிள்ளைகள் மூன்று மொழி எழுதுகிறார்கள், அதை அந்தப் படையே பார்க்கட்டும். வீரரின் பெயரும் முகாமும் கடிதத்தில் வேண்டாம். பிள்ளையின் வீட்டு முகவரியும் வேண்டாம், பள்ளிப் பெயர் போதும்.

குடும்பங்களைப் பற்றி நான் பேசுவதைவிட, கணவர் வெளிநாட்டில் இருந்தபோது வீட்டைக் காத்த சார்ஜன் ஐயாவின் துணைவியார் பேசுவதே பொருத்தம். அவரை அழைக்கும்படி அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதங்களை வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியை அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். முதலாம் ஆண்டுப் பதிவுக்கான விவரமும் அவரிடமே, வாசல் மேசையில் இருக்கிறது. பிறப்புப் பத்திர நகலோடு வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடலாம். நன்றி, வணக்கம்.