முடி துறந்த மன்னர் எழுதிய கோல்ஃப் கடிதம்: ஏலத்தில் ஏன் இத்தனை மதிப்பு?

வணக்கம் நண்பர்களே. பழைய கடிதங்களைப் பற்றிப் பேசும் நம் சேனலில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. அரச குடும்பத்துக் கடிதம் என்றால் போர், பட்டாபிஷேகம், அரசியல் என்று இருந்தால்தானே மதிப்பு? கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எதற்கு ஏலத்தில் எடுக்கிறார்கள்? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

நான் சொல்வது எட்டாம் எட்வர்டின் கடிதங்களை. 1936 ஜனவரியில் பிரிட்டனின் மன்னரானார். விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக அதே ஆண்டு டிசம்பரில் அரியணையை விட்டு இறங்கினார். பிறகு வின்ட்சர் கோமகன் என்ற பட்டத்தோடு, பெரும்பாலும் பிரான்சிலேயே, 1972 மே மாதம் இறக்கும்வரை வாழ்ந்தார்.

இந்தத் தாளைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். அவர் கையெழுத்துப் போட்ட மூன்று விதங்களையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். மேலே இருப்பது ‘எட்வர்ட் பி.’, இளவரசராக இருந்தபோது போட்டது. நடுவில் ‘எட்வர்ட் ஆர்.ஐ.’. ஆர் என்றால் மன்னர், ஐ என்றால் பேரரசர், அதாவது இந்தியாவின் பேரரசர். கடைசியில் வெறும் ‘எட்வர்ட்’. 1936 டிசம்பர் 10 அன்று ஃபோர்ட் பெல்வெடர் மாளிகையில் தம்பிகள் மூவரும் சாட்சியாக நிற்க, முடிதுறப்புப் பத்திரத்தில் ‘ஆர்.ஐ.’ என்று போட்டார். மறுநாளே பதவி போயிற்று. அந்த எழுத்துகளும் கூடவே போயின.

மன்னராக இருந்த காலம் ஓர் ஆண்டுகூட இல்லை என்பதால், அந்தக் காலத்துக் கையெழுத்துக்குச் சந்தையில் விலை அதிகம். கோமகனாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், கடிதமும் நிறைய எழுதினார். அவற்றில் பல தட்டச்சு செய்யப்பட்டவை, கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. முழுக்கத் தன் கையாலேயே எழுதிய கடிதம் என்றால் சேகரிப்பவர்கள் அதற்குத் தனி மரியாதை தருவார்கள்.

இதில் கோல்ஃப் எங்கே வருகிறது? 1922-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் இளவரசராக அவர் சென்னைக்கு வந்தார். ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். ஊர் அவரை ஹர்த்தாலோடு எதிர்கொண்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், அப்போது கோல்ஃப் உலகத்தின் தலைமைப் பீடமாக இருந்த ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கேப்டனாகப் பொறுப்பேற்கிறார். அந்தச் சடங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். காலையில் புதிய கேப்டன் பழைய மைதானத்தின் முதல் இடத்தில் நின்று ஒரே ஓர் அடி அடிக்க வேண்டும். அடிக்கும்போது பீரங்கி முழங்கும். மட்டைப் பை சுமக்கும் ஆட்கள் புல்வெளியில் தள்ளித் தள்ளி நின்று காத்திருப்பார்கள். பந்தைப் பிடித்துக் கொண்டுவந்து தருபவருக்குக் கேப்டன் ஒரு தங்க நாணயம் தர வேண்டும். அத்தனை கூட்டத்துக்கு நடுவே பந்து சறுக்கினால் மானம் போய்விடும். அந்த நாளில் அவர் போட்டிருந்த, ஃபேர் ஐல் என்ற பல வண்ணப் பின்னல் ஸ்வெட்டர், ஷெட்லாந்து தீவுகளின் பின்னல் வேலைக்கே உலகச் சந்தையைத் திறந்துவிட்டது.

1928-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டத்தை வென்ற அமெரிக்கர் வால்டர் ஹேகனுக்குக் கோப்பையைக் கொடுத்தவரும் இவர்தான். 1948-இல் அமெரிக்காவின் கிரீன்பிரையர் விடுதி போருக்குப் பிறகு மீண்டும் திறந்தபோது, கோமகனும் மனைவியும் அங்கே விருந்தாளிகள். அரியணை போனது, நாடு போனது, கோல்ஃப் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது. மனைவிக்கு அரச மரியாதைப் பட்டம் கிடைக்காத குறை அவரை வாழ்நாள் முழுவதும் அரித்தது. நல்ல பதவியும் அமையவில்லை. போர்க்காலத்தில் பஹாமாஸ் ஆளுநர் பதவியோடு சரி. கோல்ஃப் பற்றி எழுத உட்கார்ந்தால் யாரிடமும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கடிதங்கள் முக்கியமாகப்படுவது அதனால்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இப்படிப்பட்ட கடிதத்தைப் படித்துவிட்டு, ‘பாவம், விளையாட்டுப் பிள்ளை’ என்று அவரை மன்னித்துவிடாதீர்கள். 1937 ஜூனில் அவர் திருமணம் நடந்தது பிரான்சின் கான்டே மாளிகையில். சொந்தமாகக் கோல்ஃப் மைதானமே வைத்திருந்த மாளிகை அது. அதன் உரிமையாளர் சார்ல்ஸ் பெதோதான் அதே ஆண்டு அக்டோபரில் கோமகனின் ஜெர்மனிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர். அந்தப் பயணத்தில்தான் அவர் ஹிட்லரைச் சந்தித்தார். கோல்ஃப் நட்பு என்றால் அதில் அரசியல் இருக்காது என்று நினைப்பவர்கள் கான்டேயை ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்படி ஒரு கடிதம் விற்பனைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? எல்லோரும் முதலில் கையெழுத்துக்குத்தான் ஓடுவார்கள். நான் தாளின் தலைப்பைப் படிப்பேன். பஹாமாஸின் தலைநகரான நாசாவ், ஆளுநர் மாளிகை என்று அச்சிட்டிருந்தால் தேதி 1940-க்கும் 1945-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பாரிசுக்கு வெளியே அவர் வாங்கிய பழைய மில் வீட்டின் முகவரி இருந்தால் 1952-க்கு முந்தைய தேதி வரவே கூடாது. அந்த ஆண்டுதான் அந்த வீடு அவர் கைக்கு வந்தது. முகவரியும் தேதியும் சண்டை போட்டால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

அதன்பிறகு பூதக்கண்ணாடி. கையெழுத்து சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. பேனாவால் போட்டதென்றால் வளைவுகளில் மை தேங்கி அடர்ந்து நிற்கும், நிப் அழுத்திய தடம் சாய்வான வெளிச்சத்தில் தெரியும். உறை இருந்தால் அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், அஞ்சல் முத்திரை தேதிக்கு இன்னொரு சாட்சி. வாங்கிய பிறகு தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் சமஸ்தானத்து மன்னர்களின் பழைய கடிதம் ஏதாவது இருந்தால், தாளின் தலைப்பை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்க்கலாம். வணக்கம்.