ஊட்டிவிட்டுத் திரும்பப் பெட்டியிலேயே வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காக்டெயில் கிளிக் குஞ்சு வளர்ப்பு பற்றிப் பேச வானொலி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தே நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னை அறிந்தவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். சரி, தொடங்குகிறேன்.

காக்டெயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீள வால், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிளி ஆசை உள்ள பலர் இதன் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிதாக ஜோடி வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், எத்தனாவது நாள் குஞ்சைக் கூட்டுப் பெட்டியிலிருந்து எடுக்கணும்?" எடுத்துச் சிரிஞ்சில் ஊட்டினால்தான் பறவை தோளில் வந்து உட்காரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். என் பதில்: எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

இந்தப் பறவை குடும்பம் நடத்தும் விதத்தை முதலில் பாருங்கள். காட்டில் மழை பெய்து புல் விதை விளையும் காலத்தில், தண்ணீர் பக்கமாக உள்ள மரப்பொந்தில் முட்டையிடும். நம் வீட்டில் பொந்துக்குப் பதில் ஒரு மரப்பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி இருந்தால் போதும். அடியில் மரச்சீவல் போடுங்கள். வெறும் பலகையில் வளரும் குஞ்சுக்குக் கால் வழுக்கி வழுக்கி இரண்டு பக்கமும் அகன்று போகும், அப்புறம் நிற்கவே வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை, மொத்தம் 4 முதல் 6 வரை. 18 முதல் 21 நாள் அடை. பகலெல்லாம் பெரும்பாலும் அப்பா உட்காருவார், இரவு அம்மா. காலையில் ஆள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நேரம் போவது தெரியாது. கோழி வளர்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்கும், சேவல் என்றைக்கு அடை உட்கார்ந்தது?

ஒரு வாரம் கழித்து முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். ஓடாவிட்டாலும் உடனே கூமுட்டை என்று தூக்கிப் போடாதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள்.

இப்போது கடைக்குட்டி கதை. இதைச் சொல்லாமல் நான் எங்கேயும் பேசி முடித்ததில்லை.

முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரியாது. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு வாரம்கூட இடைவெளி வரும். பிறக்கும்போது ஒரு குஞ்சு 4, 5 கிராம். ஒரு வாரத்தில் அண்ணன்காரன் அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடுவான். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும் வேகத்தில் சின்னதுக்கு எங்கே இரை கிடைக்கும்? எங்கள் வீட்டில் ஒரு தடவை ஐந்து குஞ்சு. நாலும் கொழுகொழு. ஐந்தாவதன் தீனிப்பை, கழுத்துக்குக் கீழே பை மாதிரித் தெரியுமே அது, சுருங்கிக் கிடந்தது. கையில் எடுத்தால் ஜில்லென்று இருந்தது.

அதைத் தனியாகப் பிரித்து வளர்க்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் அப்படிச் செய்யவில்லை. முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டவே கூடாது, தீனி செரிக்காமல் பையிலேயே நின்றுவிடும். அப்புறம் பறவைக் குஞ்சுக்கென்றே விற்கும் மாவைக் கரைத்து, வயிற்றுக்கு ஏற்றபடி கொஞ்சமாக ஊட்டி, திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன். பகலில் சில தடவை, அவ்வளவுதான். ராத்திரிப் பொறுப்பு அம்மாவுடையது. அப்பா சீறிக்கொண்டு வந்து என் கைக்கடிகாரத்தின் பட்டையைக் கடிப்பார். நான் கையை எடுத்ததும் குஞ்சின் தலையைக் கோதிவிடுவார். ஒரு வாரத்தில் கடைக்குட்டிக்குக் குரல் வந்துவிட்டது. குரல் வந்தால் அம்மா கொடுப்பாள். அதற்கு மேல் என் சிரிஞ்சுக்கு வேலை இல்லை.

வளர்ந்த பிறகு பார்த்தால் அது ஆண். ஆண் காக்டெயில் விசிலடிக்கும். இது எங்கள் குக்கர் விசிலைக் கற்றுக்கொண்டது. பருப்பு மூன்று விசிலா நாலு விசிலா என்று என் மனைவிக்குக் கணக்குத் தப்பும், திட்டு எனக்கு விழும். நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் தீய்ந்தால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

அந்தக் கடைக்குட்டி என் தோளை விட்டு இறங்காது. சரி, அது கொஞ்ச நாள் என் கையில் சாப்பிட்டது என்பீர்கள். அதன் அண்ணன்மார் நாலு பேருக்கும் நான் ஒரு சொட்டுகூட ஊட்டவில்லை. கண் திறந்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்து, பேசி, தடவிக்கொடுத்துத் திரும்ப வைத்தேன். அவர்களும் கைக்கு வந்தார்கள். பழக்கம் வருவது கையின் சூட்டில்தான். சிரிஞ்சு வேண்டியதில்லை.

இது என் வீட்டு அனுபவம் மட்டுமில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் 1988இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கையில் வளர்ந்த காக்டெயில்களையும் பெற்றோரிடம் வளர்ந்தவற்றையும் ஜோடி சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கையில் வளர்ந்த ஆண்களுக்குப் பெட்டியை எட்டிப் பார்க்கும் அக்கறையே குறைவு, அவை சேர்ந்த ஜோடிகளில் கருக்கூடிய முட்டையும் குறைவு. கையில் வளர்ந்த பெண்கள் முட்டையிட்டன, ஆனால் பல முட்டைகள் கூண்டின் தரையில். அம்மா அப்பாவிடம் வளராத குஞ்சு நாளைக்கு அம்மா அப்பா ஆவதில் தடுமாறுகிறது.

பெற்றோர் இறந்துவிட்டால், அல்லது குஞ்சைக் கொத்தத் தொடங்கினால், வேறு வழியில்லை. அப்போது முழுதாக ஊட்டத்தான் வேண்டும். மாவின் சூடு 38இலிருந்து 40 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், விரல் வைத்துப் பார்த்தால் போதாது. 43, 44 என்று ஏறினால் தீனிப்பை வெந்து ஓட்டையாகும். ஆறிப்போனால் செரிக்காது. மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் பச்சையாக இருக்கும். தெர்மாமீட்டர் என்று சொன்னேனா? இன்னொரு முறையும் சொல்கிறேன், தெர்மாமீட்டர். ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு. குஞ்சின் இடது வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து வலப்பக்கம் நோக்கிக் கொடுங்கள், உணவுக்குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது. குஞ்சு தலையை ஆட்டி வாங்கும்போது மட்டும் கொடுங்கள். ஆட்டாத குஞ்சுக்குத் திணித்தால் மூச்சுக்குழாயில் போகும். நாளுக்கு ஒரு தடவையாவது தீனிப்பை முழுக்கக் காலியாக வேண்டும். பழைய தீனி மேல் புதுத் தீனி ஏறிக்கொண்டே போனால் புளித்துவிடும். கைக்குழந்தைக்கான பால் மாவு வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். லூட்டினோ பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய மஞ்சள் ரகம் அது. லூட்டினோவோடு லூட்டினோவைச் சேர்த்துக்கொண்டே போனால் கொண்டைக்குப் பின்னால் சொட்டை விழும். அதோடு விடுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால் போதும், பிறகு பெட்டியைக் கழற்றிவிடுங்கள். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும், சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

குஞ்சு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். தானாகத் தின்னும் குஞ்சை மட்டும் வாங்குங்கள். எட்டு, பத்து வாரம் ஆகும். விற்கிறவர் முன்னால் ஒரு தினைக்கதிரைப் போடுங்கள், உரித்துத் தின்கிறதா என்று நின்று பாருங்கள். கொத்துவது மட்டும் போதாது, உமி கீழே விழ வேண்டும். சிரிஞ்சும் மாவுப் பொட்டலமும் சேர்த்துத் தருகிறேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஊட்டுகிறவர்கள் நிறுத்தும்போது பகல் வேளையை முதலில் குறைத்து, இரவு ஊட்டலைக் கடைசியாக... நேரம் முடிந்துவிட்டதாம். நன்றி, வணக்கம்.