வயலோரத்துக் கதிர் யாருக்குச் சொந்தம்?

வணக்கம் நேயர்களே. ஏழைகளுக்கு உதவுவது பற்றிக் கிறிஸ்தவர் ஒருவர் பேச வந்தால் இரக்கம், காணிக்கை என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருப்பீர்கள். நான் அறுவடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேதாகமத்தில் லேவியராகமம் என்ற புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தில், வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அயல்நாட்டிலிருந்து வந்தவனுக்கும், விட்டுவிடு என்று கடவுள் சொல்கிறார். அதே வேதாகமத்தின் உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு அரிக்கட்டை வயலிலே மறந்துவிட்டு வந்தால்கூட அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்கிறது.

உழுதவன் இவன், விதைத்தவன் இவன், ஆனால் ஓரத்தில் நிற்கும் கதிர் இவனுடையது இல்லை. அதை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு மனமிரங்கி ஒரு பங்கைக் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. தொடாதே, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறது. வாங்குகிறவர் யார் வாசலிலும் கை நீட்டி நிற்கவேண்டியதில்லை. மோவாப் என்ற அயல்நாட்டிலிருந்து வந்த ரூத் இப்படித்தான் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கினாள். அந்த வயலின் சொந்தக்காரர் போவாஸ் தன் வேலைக்காரரிடம், அவளுக்காகவே கொஞ்சம் கதிர்களை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள், அவளை ஈனப்படுத்தாதீர்கள், அதட்டாதீர்கள் என்று சொல்லி வைக்கிறார். தானியத்தோடு மரியாதையும் சேர்ந்து வந்த அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே உபாகமம் 24-இல் கடன் பற்றியும் ஒரு விதி உண்டு. கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்கவேண்டும், அவனே அடகைக் கொண்டுவந்து கொடுப்பான். அவன் ஏழையாயிருந்து, அடகு வைத்தது போர்வையாயிருந்தால், சூரியன் அஸ்தமிக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், அவன் போர்த்திப் படுக்கவேண்டுமே! ஏழையின் வீட்டுக்கும் ஒரு வாசற்படி இருக்கிறது, பணம் கொடுத்தவன் என்பதற்காக அதைத் தாண்டி உள்ளே போக உனக்கு உரிமை இல்லை. இதை வாசித்த பிறகு, உதவி வாங்குகிறவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிற பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம், கூலி. கூலிக்காரனுக்கு அந்தந்த நாளே பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்பதும் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இதையே கையில் எடுத்து, பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்று ஐசுவரியவான்களை எச்சரிக்கிறார். ஆகவே வேலை செய்தவருக்குச் சேரவேண்டியதைக் குறைத்துவிட்டு ஆலயத்தில் தாராளமாகக் காணிக்கை போடுவது தர்மக் கணக்கில் சேராது. முதலில் கூலி, பிறகுதான் தர்மம்.

"தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்" என்று இயேசுவே சொன்னாரே, வறுமையை யாரால் ஒழிக்க முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். சரி, அந்த வார்த்தையின் வேர் உபாகமம் 15-இல் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். தேசத்தில் எளியவர்கள் இல்லாமற்போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்றுதான் அந்த வசனம் முடிகிறது. கையை மூடிக்கொள்ள அதில் இடமே இல்லை.

ஆரம்பகாலத் திருச்சபை இதைப் புரிந்துகொண்டிருந்தது. கி.பி. 251-இல் ரோமாபுரிச் சபையின் தலைவர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், விதவைகளும் துன்பப்படுகிறவர்களுமாக 1500 பேருக்கும் அதிகமானோரை அந்தச் சபை பராமரித்து வந்தது என்று இருக்கிறது. அப்போது அது அரசின் ஆதரவு இல்லாத, துன்புறுத்தப்பட்ட சபை. 362 வாக்கில், கிறிஸ்தவத்தை விரும்பாத ரோமப் பேரரசர் யூலியான், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் அல்லவா ஆதரிக்கிறார்கள் என்று தன் பூசாரி ஒருவருக்கு வருத்தப்பட்டு எழுதினார். யார், எந்த மதம் என்று கேட்காமல் செய்யப்பட்ட உதவிக்கு எதிர்த்தரப்பே சாட்சி.

ஆனாலும் அந்த ஆரம்பகாலத் திருச்சபையில் தவறு நடக்காமல் இல்லை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கப் பார்க்கவில்லை. பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று போகும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

உங்கள் சபையிலும் உதவிப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கும். அதில் உதவி பெற்ற ஒருவராவது இருக்கிறாரா? இல்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து, எது தேவை, எப்படிக் கொடுத்தால் மனம் நோகாது என்று அவரிடமே கேளுங்கள்.