கண்ணாடி உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம். கடல் என்றதும் திமிங்கலம்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அந்தத் திமிங்கலத்துக்கே சோறு போடுகிற, கடுகளவே உள்ள ஓர் உயிரைப் பற்றி. பெயர் கோபிபாட். கிரேக்க மொழியில் துடுப்புக்கால் என்று பொருள். இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம்.

நுண்ணோக்கியில் இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடம்பு கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும். தலையின் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கண். உடல் நீளத்துக்கு இரண்டு உணர்கொம்புகள். பக்கத்தில் நீர் சற்று அசைந்தால் போதும், சட்டென்று எகிறிவிடும். அந்தக் கண நேரத் தாவலில் அதன் வேகம் நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போலப் பல நூறு மடங்கு!

வட அட்லாண்டிக்கில் வாழும் கலானஸ் ஃபின்மார்ச்சிகஸ் என்ற இனத்தின் வயிற்றுப் பக்கம் ஒரு பை பளபளக்கும். அது எண்ணெய்ப் பை. வசந்தத்திலும் கோடையிலும் நுண்பாசிகளைத் தின்று சேர்த்தது. குளிர்காலம் நெருங்கும்போது இந்த எண்ணெயைச் சுமந்துகொண்டு 600 மீட்டருக்கும் கீழே, சில இடங்களில் 1,000 மீட்டரையும் தாண்டி இறங்கி, மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும். அங்கே எண்ணெய் கரையக் கரைய வெளியாகும் கரிமம், அதாவது கார்பன், எளிதில் மேலே திரும்பாது. நெடுங்காலம் ஆழத்திலேயே தங்கிவிடும். காற்றிலிருந்து பாசி இழுத்த கரிமத்தை ஆழ்கடலுக்குக் கொண்டு சேர்ப்பதில் இந்தக் கடுகுக்கும் பங்கு உண்டு. இதன் கழிவுத் துகள்களும் கனமாக மூழ்கி அதே வேலையைச் செய்கின்றன.

சரி, திமிங்கலத்துக்கு வருவோம். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் நாளொன்றுக்கு ஒரு டன்னுக்கும் மேல் இவற்றை வடித்து உண்ணும். உலகில் இந்தத் திமிங்கலங்களில் எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு. 2010-க்குப் பிறகு அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடா வேகமாகச் சூடாக, எண்ணெய் நிறைந்த கலானஸ் அங்கே குறைந்தது. இரையைத் தேடித் திமிங்கலங்கள் வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே கப்பல்களும் நண்டு பிடிக்கும் கயிறுகளும் நிறைந்திருந்தன. காப்பு ஏற்பாடுகளோ போதவில்லை. 2017-இல் மட்டும் 17 திமிங்கலங்கள் இறந்தன. அவற்றில் 12 கனடாவின் கடலில். எனக்கு இன்றும் மனம் பதைக்கும் எண்ணிக்கை இது. அப்புறம்தான் அங்கே பெரிய கப்பல்களுக்கு 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வந்தது.